பொத்தானுக்கு உலை வைத்த வருஷங்கள்

1

இன்று காலை சந்தையில் சீன மீன்காரர் என்னைக் கண்டதும், நான் கேட்காமலே, ஐந்தாறு மீன்தலைகளை வாழையிலையில் சுற்றி நீட்டினார். வெகுகாலப் பழக்கம். எங்கள் வீட்டு நாய்க்கு என்று அவருக்குத் தெரியும். நாய் இப்போது என்னிடம் இல்லை என்று மலாயில் சொல்ல எனக்கு வரும். ஆனாலும் சொல்லவில்லை. பொதியை வாங்கிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தலைகளில் எனக்கே ஒரு சொதி வைத்தேன். பாதிச் சட்டி இன்னும் அப்படியே கிடக்கிறது.

மார்கழி பிறந்துவிட்டது. மன்னார்ப் பக்கம் என் ஊரான வங்காலையின் கோயிலில் இப்போது ஆகமன காலத்துச் செபங்கள் தொடங்கியிருக்கும். இங்கே பினாங்கிலும் கோயில் இருக்கிறது, செபம் இருக்கிறது. ஆனால் மார்கழி என்றால் எனக்கு நினைவு வருவது பாலன் பிறப்பு அல்ல, ஒரு வெறும் வீடு.

ஊருக்கு எழுதுகிறவர்கள் "இங்கு யாவரும் சுகம்" என்று தொடங்குவார்கள். நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் எழுதினேன். யுத்தம் முடிந்து தபால் போகத் தொடங்கியதும் முதலில் எழுதியதும் அதைத்தான். இம்முறை அப்படி எழுதக் கை வரவில்லை. ஒரு நாய்க்குச் சமைத்ததைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

2

நாய்க்குத் தனியாக உலை வைப்பார்கள் என்று ஊரில் எனக்கு யாரும் சொன்னதில்லை. வங்காலைக் கரையில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. வள்ளம் கரைக்கு வரும்போது அவையும் வரும். வலை தட்டும் இடத்தில் காத்து நிற்கும். விழுந்ததைத் தின்னும். ஒன்றுக்கும் பெயர் இல்லை. "அடிச்சுத் துரத்து" என்பதுதான் எல்லாவற்றுக்கும் பெயர்.

ஒரேயொரு வீட்டில்தான் வேறு மாதிரிப் பார்த்தேன். எருக்கலம்பிட்டியில் என் தகப்பனார் கருவாடு கொடுக்கும் ஒரு வியாபாரியின் வீடு அது. அந்த வீட்டு உம்மா பூனைகள் வளர்த்தா. அவவுடைய குசினியில் ஒரு சின்னச் சட்டி தனியாக இருக்கும். அதில் மீன்தலையைக் கொச்சிக்காயும் உப்பும் இல்லாமல் அவிப்பா. ஆறவிட்டு, விரலால் தடவித் தடவி முள்ளெடுத்து, சோற்றோடு பிசைவா. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன புள்ள அப்படிப் பாக்கிறாய்? வாயில்லாச் சீவன், அதுக்கு முள் குத்தினால் ஆரிட்டச் சொல்லும்?" என்றா.

அந்த ஒரு வார்த்தையோடு கற்றுக்கொண்டதுதான். பிறகு கடல் கடந்து வந்து அதைச் சோறாக்கிக் கொள்வேன் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

என் புருஷன் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலில் வேலை செய்தவர். அங்கே கண்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவரைப் பினாங்குத் துறைமுகத்துக்குப் படகோட்டியாக எடுத்தார். பின்னால் நானும் கைக்குழந்தை பிலோமினாவும் வந்தோம். சில வருஷங்களில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த கையோடு அந்த அதிகாரியின் மனைவி, நாங்கள் மேம் என்று அழைத்தவ, தன் குசினியில் எனக்கு வேலையும் பின்பக்கத்தில் ஓர் அறையும் தந்தா. அன்னம்மா என்ற என் பெயர் அவவுக்கு நீளமாக இருந்தது. ஆனி என்று வெட்டிக்கொண்டா. மாதத்தின் பெயர் போல இருக்கிறதே என்று எனக்குள் சிரித்தேன். அப்போது எதையும் சிரித்துக்கொண்டு வாங்கும் நிலைமை எனக்கு. அதற்காக மேம் செய்த நன்மையை நான் மறைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

3

அந்த வீட்டில் ஒரு நாய்க்குட்டி வந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காதும் ஒரு கண்ணும் மட்டும் மண்ணிறம். மேம் அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தா. சட்டைக்குப் போடுவதுதானே என்று நான் பொத்தான் ஆக்கினேன். என் பெயரை அவ வெட்டியதற்கு நாய்ப் பெயரை நான் மாற்றியது சரியாகப் போயிற்று.

தகரத்தில் அடைத்து வரும் இறைச்சி பொத்தானுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தின்பதும் கக்குவதுமாக எலும்பு தெரியக் கிடந்தது. மேம் அழுதா. நான் எருக்கலம்பிட்டி உம்மாவை நினைத்துக்கொண்டு ஒரு சின்னச் சட்டியை அடுப்பில் வைத்தேன். உப்பில்லாத மீன், குழைந்த சோறு, ஒரு துண்டு பூசணி. பொத்தான் சட்டியை நக்கியதில் சட்டி நகர்ந்து சுவர்வரை போயிற்று.

அதற்குப் பிறகு பொத்தானின் சாப்பாடு என் பொறுப்பு. முள்மீனாக இருந்தால் கொஞ்சம் புளிவிட்டு வெகுநேரம் அவிப்பேன். முள் மாவாகிவிடும். கருவாடென்றால் மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பைக் கழற்றுவேன். வெங்காயம் கிட்டவும் போகக்கூடாது. ஒருமுறை கறியில் விழுந்த வெங்காயத்தைத் தின்று அது பட்ட பாட்டை நான் கண்டவள்.

விசுக்கோத்தும் செய்தேன். கோதுமை மாவு, வறுத்து இடித்த நெத்தலித் தூள், ஒரு முட்டை, அவித்த பூசணி. எல்லாம் சேர்த்துப் பிசைந்து, தட்டி, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் போறணை அடுப்பில் வைத்து எடுத்தால் கல்லுப்போல இருக்கும். அந்தக் கல்லைக் கடிக்கும் சத்தத்தைக் கேட்கத்தான் மேம் குசினிக்கே வருவா. விருந்தாட்கள் வந்தால் அவர்கள் முன்னாலும் செய்துகாட்டச் சொல்லுவா. பிலோமினா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பொத்தானுக்கு ஒன்று போட்டுவிட்டுத்தான் சட்டை மாற்றுவாள். கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் அவளுக்கு இங்கிலீசு தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் குசினி இங்கிலீசு: அரிசி, உப்பு, முடிஞ்சுது, கொண்டுவா, கொண்டுபோ.

பிறகு யுத்தம் வந்தது. பட்டணத்தின் மேல் குண்டு விழுந்தது. கடைத்தெரு எரிந்த புகை எங்கள் வீட்டு ஜன்னல் வரை வந்தது. மேம் குசினிக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்தா. பிலோமினா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

"நாங்கள் போறதெண்டால் உங்களையும் என்னையும் விட்டிட்டுப் போகமாட்டினமாம், அம்மா. சாமான் கட்டி வைக்கட்டாம். பொத்தானுக்கு வழிக்கு விசுக்கோத்துச் செய்யட்டாம். நிறையச் செய்யட்டாம்."

அன்று முழுக்கப் போறணை அணையவில்லை. இருந்த மாவெல்லாம் தீர்த்தேன். ஒரு பெரிய தகரம் நிறைய விசுக்கோத்து. பின்னேரம் எங்கள் தகரப்பெட்டியையும் கட்டினேன். பிலோமினா தன் பள்ளிக்கூடத்துப் பரிசுப் புத்தகத்தை மேலே வைத்தாள்.

காலையில் தேநீர் வைக்கப் பெரிய வீட்டுக்குப் போனேன். முன்கதவு திறந்து கிடந்தது. மேசையில் குடித்த கோப்பைகள் கழுவாமல் இருந்தன. ஒரு குரலும் இல்லை. குசினிக்குள் பொத்தான் மேசைக்காலில் கட்டப்பட்டிருந்தது. அதன் கீழே மேமுடைய பட்டுச் சால்வை விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய கோப்பையில் தண்ணீர். இன்னொன்றில் நான் சுட்ட விசுக்கோத்து, தகரத்தோடு கொட்டியிருந்தது.

நான் முதலில் வெளியே போய்க் காரைத் தேடினேன். பிறகு மேல்மாடிக்குப் போனேன். அலுமாரிகள் திறந்து கிடந்தன. தோட்டம் பார்க்கும் மலாய்க்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். வெள்ளைக்காரர் எல்லோரும் இருட்டோடு படகேறிப் போய்விட்டார்களாம். வெள்ளைத் தோல் இல்லாதவர்களைத் துறையிலேயே திருப்பி அனுப்பினார்களாம்.

குசினிக்குத் திரும்பிவந்து நிலத்தில் இருந்தேன். கொட்டிக் கிடந்த விசுக்கோத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு விளங்கியது. நாயை விட்டுவிட்டுப் போவதென்று முடிவெடுத்த பிறகுதான் என்னிடம் அதைச் செய்யச் சொல்லியிருக்கிறா. வழிக்கென்று சொன்னது பொய். நாய்க்குப் பட்டு விரித்து, தண்ணீர் வைத்து, தடவிக்கொடுத்து, அதற்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறா. பின்னறையில் பெட்டி கட்டிவைத்துக்கொண்டு படுத்திருந்த எங்களுக்கு ஒரு சொல் இல்லை.

பிலோமினா வந்து வாசலில் நின்றாள். "எப்ப வெளிக்கிடுறம், அம்மா?" என்று கேட்டாள்.

4

யப்பான்காரன் காலத்தை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. மலையடிவாரத்தில் ஓர் ஓலைக்குடிசைக்குப் போனோம். பொத்தானும் வந்தது. கட்டை அவிழ்த்துவிட்டு வந்தேன், அது பின்னாலேயே வந்தது. கல்லெறிந்து துரத்தவும் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. எறிந்த கல்லை வாயில் கவ்விக்கொண்டுவந்து என் காலடியில் போட்டது.

அரிசி போனது. பிறகு மாவு போனது. மரவள்ளிதான் மூன்று பேருக்கும் சாப்பாடு. தோலுரித்து, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மனிசருக்கே அது நஞ்சு, சின்ன உடம்புக்குக் கேட்கவா வேண்டும்? கடற்கரைக்குப் போய் வலைக்காரர் எறிகிற குஞ்சு நெத்தலியைப் பொறுக்குவேன். அதில் முழு மீன் பிலோமினாவுக்கு. தலையும் வாலும் முள்ளும் பொத்தானுக்கு. எனக்கு அந்த மீன் அவித்த தண்ணீர். தேங்காய் எண்ணெய் ஆட்டுகிற இடத்தில் பிண்ணாக்குக் கிடைக்கும். மரவள்ளி மாவு, பிண்ணாக்கு, முள்தூள் மூன்றையும் குழைத்து, தணலின்மேல் ஒரு தகரத்தை வைத்து விசுக்கோத்துச் சுட்டேன். வாசனை பழைய மாதிரி இல்லை. பொத்தான் அதையும் கல்லுக் கடிப்பதுபோல் கடித்தது.

அந்த நாட்களில் எனக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டால் ஒரு பதில்தான். எங்களைப் போலவே அவர்கள் விட்டுவிட்டுப் போன ஒன்று அது. அது செத்தால் நாங்களும் அப்படித்தான் என்று எனக்குள் ஒரு பயம். குடிசையைச் சுற்றி நடமாட்டம் கேட்டால் அது குரைப்பதில்லை, வந்து என் பாவாடையை இழுக்கும். அப்படி இழுத்ததால்தான் ஒரு தடவை வயதுக்கு வந்த என் பிள்ளையை மரவள்ளிப் பாத்திக்குள் ஒளித்துவைக்க எனக்கு நேரம் கிடைத்தது. வந்த யப்பான் சிப்பாய்கள் பக்கத்துக் குடிசைக் கோழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் பிலோமினா மாறிக்கொண்டு வந்தாள். பசி பிள்ளைகளை மாற்றும். ஒருநாள் நான் முள் இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அந்த முள்ளை இடிச்சால் எனக்கும் ஒரு கஞ்சி வைக்கலாம் தானே?"

"உனக்கு மீனெல்லோ பிள்ளை தாறன்."

"அது ஒரு மீன், அம்மா."

நான் அன்றைக்கு முள்தூளில் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். பொத்தான் மிச்சத்தைக் குடித்தது. அவள் அதைப் பார்த்த பார்வையை நான் அப்போது படிக்கவில்லை.

5

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எங்கள் துரை, மேமுடைய புருஷன், போன வழியில் யப்பான்காரனிடம் பிடிபட்டவர், சிறையிலிருந்து கூனிப்போய் வந்து, மறுபடி துறைமுகக் கந்தோரில் அதிகாரியாக இருந்தார். கொஞ்ச நாளில் மேமும் வந்துவிட்டா என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. எப்படியும் ஒருநாள் வருவா, வந்தால் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தா. ஒரு பின்னேரம் கார் வந்து நின்றது. முன் ஆசனத்திலிருந்து பிலோமினா இறங்கினாள். எனக்குச் சொல்லாமல் அவள்தான் தேடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மேம் என்னைக் கட்டிப்பிடித்தா. வீட்டில் இருந்த ஒரே கதிரையில் இருந்தா. அந்த வருஷங்களில் எங்கே இருந்தா என்று பிலோமினா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அவ இலங்கையில இருந்தவவாம் அம்மா. எங்கட நாட்டில. முதல் கொழும்பில, பிறகு மலைநாட்டில. இந்தியாவுக்குப் போகேக்க ரயிலில மன்னாரைப் பார்த்தவவாம். எத்தினை கழுதையள் எண்டு சொல்லிச் சிரிக்கிறா."

நான் அவ விட்டுப்போன பட்டணம் எரிந்த சாம்பலுக்குள் அவவுடைய நாய்க்கு முள் இடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவ என் ஊர்க் கழுதைகளை ஜன்னலால் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறா. என்னைக் கூட்டிப்போயிருந்தால் அந்த ரயிலில் நானும் இருந்திருப்பேன். இறங்கி நடந்திருப்பேன்.

"பிள்ளை, ஒண்டு கேள்," என்றேன். "ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் போனவா எண்டு கேள்."

பிலோமினா என்னைப் பார்த்தாள். பிறகு மேம் பக்கம் திரும்பி இங்கிலீசில் பேசினாள். நான் கேட்டது ஒரு வசனம். அவள் பேசியது நான்கைந்து. மேமுடைய முகம் மலர்ந்தது. கண் கலங்கி என் கையைப் பிடித்து அமத்தினா. நான் கேட்ட கேள்விக்கு யாருடைய முகமும் அப்படி மலராது. அவள் பேசியதில் மூன்று சொல் எனக்குத் தெரிந்த சொல். சந்தோஷம். வைத்திருந்தா. உங்களுக்காக. நாயைத்தான் சொல்கிறாள் என்று விளங்கியது.

"என்ன சொன்னனீ?" என்றேன்.

"நீங்கள் சொன்னதைத்தான்."

"நாயைத் தரேலாது எண்டு சொல்லு."

அவள் மறுபடி பேசினாள். மேம் துள்ளி எழுந்து கையைத் தட்டி, "பட்டன்! பட்டன்!" என்று கூப்பிட்டா. பொத்தான் கட்டிலுக்குக் கீழே இருந்தது. காதை மட்டும் அசைத்தது. மேம் தன் பையிலிருந்து கடைத் தகரம் ஒன்றை எடுத்துத் திறந்து வாசனை காட்டினா. பொத்தான் மூக்கை மறுபக்கம் திருப்பிக்கொண்டது. என் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை நான் ஏன் மறைக்க வேண்டும்?

அப்போது பிலோமினா அடுப்படிக்குப் போனாள். நான் காலையில் சுட்டு வைத்திருந்த விசுக்கோத்தில் ஒரு கை அள்ளினாள். கட்டிலுக்கு முன்னால் குந்தியிருந்து, நான் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"பொத்தான், வா. வா, என்ர ராசா."

அது வந்தது. ஏன் வராது? அவளோடு ஒரு பாயில் படுத்த நாய். அவள் ஒரு துண்டைப் போட்டாள். பின்பக்கமாக நடந்து வாசலைத் தாண்டி இன்னொரு துண்டு. முற்றத்தில் ஒன்று. காரின் படியில் ஒன்று. கடைசித் துண்டை உள்ளே, ஆசனத்தில். பொத்தான் ஏறியது. அவள் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அது வாயை அசைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் வருவேன் என்றுதான் நினைத்திருக்கும். நான் வாசலில் நின்றேன். யாருடைய கையைப் பிடித்து நிறுத்துவது? மேமுடைய கையென்றால் தட்டிவிடத் தெரியும். அது என் பிள்ளையின் கை.

6

அவள் பொழுதுபடும் நேரம் திரும்பி வந்தாள். காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்க வேண்டும் என்றாள்.

"துரை தன்ர கந்தோரில எனக்கு வேலை தாறன் எண்டவர். டைப் அடிக்கிற வேலை."

"நாயைக் குடுத்ததுக்கோ?"

"அது அவையின்ர நாய், அம்மா."

"விட்டிட்டுப் போகேக்க ஆரின்ர நாய்?"

அவள் ஒரேயடியாகப் பேசினாள். அத்தனை வருஷமாக அவளுக்குள் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் பசியில கிடக்கேக்க நீங்கள் அதுக்கு முள் இடிச்சனீங்கள். அந்த உலக்கைச் சத்தம் எனக்கு இன்னும் காதுக்க கேக்குது. நான் அதுக்காக அழுவன் எண்டு நினைக்காதேங்கோ."

"மீன் முழுக்க உனக்குத்தானே தந்தனான், பிள்ளை."

"எனக்கு ஒரு சட்டி, அதுக்கு ஒரு சட்டி. எந்தத் தாய் அப்படி வைப்பா?"

மரவள்ளிப் பாத்திக்குள் அவள் மூச்சை அடக்கிக் கிடந்த நாளைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் உயிருக்கு நாயிடம் கடன் என்று ஆகும். ஒரு தாய் பிள்ளையிடம் அப்படிப் பேசக்கூடாது.

அவளுக்கு வேலை கிடைத்தது. பெரிய வீட்டின் பின்னறையும் கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் காலை வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"பொத்தான் ஒண்டும் சாப்பிடுதில்லை. மேம் உங்களை வந்து ஒருக்காச் சமைச்சுத் தரட்டாம்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்தச் சீவன் என்ன செய்தது? சின்னச் சட்டியை எடுத்துக் கழுவினேன். மீன் அவித்து, முள்ளெடுத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, சட்டியைச் சேலையால் மூடிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் அத்தனை வருஷம் வேலை செய்து பின்வாசலால் மட்டும் போனவள் நான். அன்றைக்கு முன்வாசலால் போனேன். ஒருவரும் தடுக்கவில்லை.

பொத்தான் ஒரு மெத்தையில் கிடந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்தது, தள்ளாடியது. நான் நிலத்தில் இருந்து கையால் ஊட்டினேன். சாப்பிட்டது. விரல் இடுக்கெல்லாம் நக்கியது. மேம் கையைத் தட்டிச் சிரித்து, பிலோமினாவிடம் ஏதோ சொன்னா.

பிலோமினா, "நீங்கள் திரும்ப வேலைக்கு வரட்டாம். உங்கட பழைய அறையில நான் இருக்கிறன், ரெண்டு பேரும் இருக்கலாமாம்," என்றாள். இதை அவள் சரியாகத்தான் சொன்னாள்.

நான் எழுந்தேன். கையைச் சேலையில் துடைத்தேன். மேமுடைய கண்ணைப் பார்த்து, எனக்குத் தெரிந்த குசினி இங்கிலீசில், நானே சொன்னேன்.

"மேம். யூ கோ. மீ நோ டெல். வை?"

"அம்மா!" என்றாள் பிலோமினா.

மேமுடைய சிரிப்பு போய்விட்டது. நான் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அவவுடைய முகத்தில் எழுதியிருந்தது. ஏதோ மெல்லச் சொன்னா. அதில் ஓடர் என்ற சொல் எனக்கு விளங்கியது. மேலிடத்து உத்தரவாம். சொல்லக்கூடாதாம்.

நான் பொத்தானைக் காட்டினேன். "டோக் டெல்," என்றேன். நாய்க்குச் சொன்னாய்.

அதற்கு அவவிடம் ஓடர் இல்லை. நிலத்தைப் பார்த்தா. கண்ணீர் வந்தது. அது எனக்காகவா, தனக்காகவா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று ஒரு சொல் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. நாயைக் கொண்டுபோ என்றும் வரவில்லை.

பொத்தான் சாப்பிட்டு முடித்து என் பாதத்தில் தலையை வைத்திருந்தது. அதற்கு மூப்பு வந்துவிட்டது, பல்லும் போய்க்கொண்டிருந்தது. என் குடிசையில் மழைக்கு ஒழுகுகிறது. இங்கே மெத்தை இருக்கிறது, மருத்துவர் வருவார். நான் கேட்டால் இழுபறி, அதற்கும் பிலோமினாதான் நடுவில் நிற்பாள். இனி அந்த வீட்டில் இன்னொருவருடைய வாயால் எதையும் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன்.

பிலோமினாவிடம் சொன்னேன், "உப்புப் போடாதை. வெங்காயம் கிட்டவும் கொண்டுபோகாதை. பல்லு இல்லை, விசுக்கோத்தை ஊறவைச்சுக் குடு. உனக்குச் செய்யத் தெரியும்."

தலையாட்டினாள். வாசல் படலை வரை என் பின்னாலே வந்தாள். பொத்தான் எழுந்து வரப் பார்த்தது. அவள் திரும்பி வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மா, நான் பிழையாச் சொல்லேல்லை. நல்லமாதிரிச் சொன்னனான். நீங்கள் கேட்டபடி சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும்."

"நான் உன்னட்ட நல்லமாதிரிச் சொல்லக் கேக்கேல்லை, மகள். என்ர வாயாய் இரு எண்டு கேட்டனான்."

அவள் அழுதாள். நான் கட்டிப்பிடித்தேன். பிள்ளை அழுதால் கை தானாகப் போகும். ஆனால் உள்ளே இருந்த முள் அப்படியே இருந்தது. எந்தப் புளியில் போட்டு எத்தனை நேரம் அவித்தாலும் அது இன்னும் மாவாகவில்லை.

7

போன கிழமை, ஊருக்குக் கப்பலேற அனுமதி கேட்டு ஒரு கந்தோருக்குப் போனேன். வரிசையில் நின்று வெயில் ஏறியபிறகுதான் என் முறை வந்தது. முதலில் நான் இலங்கையில் பிறந்தவள் என்பதற்குச் சாட்சி கேட்டார்கள். வங்காலைச் சுவாமியார் எழுதிக் கொடுத்த ஞானஸ்நானப் பத்திரம் யுத்தத்தில் போய்விட்டது என்று சொல்ல, இங்குள்ள சுவாமியாரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு மறுபடி போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தமிழ் வராது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உனக்காகப் பேச யாராவது இருக்கிறார்களா என்று மலாயில் கேட்டார். மகள் துறைமுகக் கந்தோரில் இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். பக்கத்துத் தெருதான்.

"இல்லை. நானே பேசுவேன்," என்றேன்.

எத்தனை பேர் போகிறீர்கள் என்றார். ஒரு விரலைக் காட்டினேன். பிள்ளைகள் இல்லையா என்றார். ஒரு மகள், இங்கே நிற்கிறாள் என்றேன். அதுவரை மலாயும் இங்கிலீசும் கலந்து எப்படியோ ஓடியது. பிறகு அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் இருந்துவிட்டு இப்போது ஏன் போகிறாய் என்றார்.

நான் யோசித்தேன். தமிழில் கேட்டிருந்தால் என்னிடம் சொற்கள் இருந்தன. வஞ்சகம் என்று ஒன்று இருக்கிறது, துரோகம் என்று ஒன்று இருக்கிறது. அவற்றுக்கு இங்கிலீசில் என்ன என்று குசினியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காத்திருந்தார். கடைசியில், அரிசிப் பானையின் அடி தெரியும்போது நான் மேமிடம் போய் முடிஞ்சுது என்பதற்குச் சொல்லிவந்த அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

"பினிஷ்," என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார். என்ன எழுதினாரோ எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது நான்.